வெள்ளைக்கரட்டில் எட்டரை மணி

நாகமலைக்கு மேற்கே ஒரு மலை சோப்பு மாதிரி நுரைத்துக் கரைந்துகொண்டிருக்கிறதாம். மெல்போர்னில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் முத்துச்செல்விதான் எனக்கு இதைச் சொன்னார். அவருக்குத் திண்டுக்கல்லில் இருக்கும் நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "வீடியோவே வந்திருக்கு, இன்னும் யாரு சொல்லணும்?" என்று போனை நீட்டினார்.

பதினொரு வினாடி. வெள்ளைப் பாறை. ஒரு கை அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறது. சாறு பட்ட இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, சோடா மூடியைத் திறந்ததுபோல் சுர்ரென்கிறது. பின்னணியில் உறுமி மேளம். கீழே சிவப்பு எழுத்தில்: 'மதுரை அருகே பொங்கும் மலை! சாமிக்குக் கோபமா?'

நான் மலையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். அதற்குக் கீழே குக்கர் ஆவி பட்ட தழும்பு. அது என் அக்கா ஹெப்சிபாவின் கை.

உடனே கூப்பிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அது சுண்ணாம்புக்கல்லுடி. புளிப்பு பட்டா நுரைக்கும். ஒனக்கு எட்டாங்கிளாஸ்ல வந்துச்சே, மறந்துட்டியா?"

"மலை கரையுதுன்னு போட்டிருக்காங்களேக்கா."

"அம்புட்டு எலுமிச்சம்பழத்துக்கு எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைவிட்டு வந்து பதினேழு வருடமாகிறது. அங்கே ஒரு கல் உருண்டாலும் அது அக்காவின் மேல்தான் விழும் என்று நினைக்கிற புத்தி எனக்கு. அதிலும் அவள் மாதம் தவறாமல் ஏறுகிற கல் அது.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, கட்டண ரசீது கிழிப்பது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி வாடகைக்குச் சொல்வது எல்லாம் அவள் வேலை. இருபது வருடத்துக்கு முன்பு பல்கலைக்கழகத்திலிருந்து ஆன்றோ என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் ஏதோ கையெழுத்து வாங்க அந்த அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைக்கரட்டின் உச்சியில் மழைமானி வைக்கப் போவதாகவும், மாதம் ஒருமுறை ஏறி அளந்து தர ஆள் தேடுவதாகவும் சொன்னார். ஸ்கூட்டி வைத்திருக்கும் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். அக்கா தன் ஸ்கூட்டிச் சாவியைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

"ஏன்க்கா ஒத்துக்கிட்ட?" என்று அப்போதே கேட்டேன். ஒரு கையில் நாலு வயது மகள், இன்னொரு கையில் ஒரு வயது மகன், நடுவில் பள்ளி வேலை. "மாசத்துல ஒரு நாளு, ஒரு ரெண்டு மணி நேரம், யாரும் கூப்பிட முடியாத எடத்துல இருக்கலாம்ல?" என்றாள். அப்போது மேலே டவர் கிடைக்காது.

வெள்ளைக்கரடு பெரிய மலை இல்லை. கரட்டடிப்பட்டி வயல்களுக்கு நடுவே நூறு மீட்டர் உயரத்துக்கு, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி நிற்கும். சுற்றிலும் கருத்த பாறை, இது மட்டும் வெள்ளை. உடைத்தால் உள்ளே கல்கண்டு போல மின்னும். எந்தக் காலத்திலோ கடலடியில் படிந்த சுண்ணாம்பு பூமிக்குள் புதைந்து, வெந்து, இறுகி மேலே வந்தது என்று ஆன்றோ சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புக்கல்லை மழைதான் தின்னும். இந்தப் பக்கம் மழை கொஞ்சம் கஞ்சம், அதனால்தான் கரடு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. தின்ற இடமும் தெரியும். உச்சிப் பாறை முழுக்க இட்லித்தட்டு மாதிரி குழி. சரிவில் மழை இறங்கிய வழியெல்லாம் கத்தி விளிம்பு போல வரி வரியாக நிற்கும். காய்ந்திருந்தால் கைக்கு நல்ல பிடி. நனைந்தால் கறுப்பாகப் பாசி பிடித்து, எண்ணெய் தடவிய தோசைக்கல்.

இந்தக் கரட்டில்தான் அக்கா ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு நிற்பாள். நாடு முழுக்க மழையை அளக்கிற நேரம் அதுதான். மழைமானி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. பாறையில் நட்ட குழாய், மேலே புனல், உள்ளே பத்து லிட்டர் கேன். மாதம் முழுக்கப் பெய்தது கேனில் சேரும். வெயிலில் ஆவியாகாமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் மிதக்கவிட வேண்டும். அக்கா நல்லெண்ணெய் ஊற்றுவாள். அவள் கணவர் யேசுதாஸ் அத்தானுக்கு இது பெரிய வேடிக்கை. "எனக்கு எண்ணெய் தேச்சுவிட்டு வருசம் பத்தாச்சு. மழைக்கு மாசாமாசம் தேச்சு விடுறா" என்பார்.

நாலு வருடத்தில் ஆன்றோ ஆராய்ச்சியை முடித்து, டாக்டர் பட்டம் வாங்கி, வட நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். "இனி நிறுத்திக்கலாம்க்கா, ரொம்ப நன்றி" என்று ஒரு கைக்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார். ஆண்கள் கடிகாரம். அக்கா அதைக் கட்டிக்கொண்டு அடுத்த ஒன்றாம் தேதியும் ஏறினாள். "ஒங்க படிப்பு முடிஞ்சுபோச்சு. மழை முடியலையே" என்றாளாம்.

சிக்குன்குனியா வந்த மாதம் படி படியாக உட்கார்ந்தே ஏறினாள். மகள் கல்யாணம் பிப்ரவரி ஒன்றாம் தேதி. பதினொரு மணி ஆராதனைக்குப் பட்டுச் சேலையில் முள்ளோடு வந்து நின்றாள். ஊரடங்கில் நாகமலை புதுக்கோட்டை முக்கில் போலீஸ் மறித்தது. "எங்கம்மா போறீங்க?" "மழை அளக்க." "மழையே இல்லையே?" "இல்லைன்னு எழுதணும்ல சார்." அந்தப் போலீஸ்காரர் சிரித்துவிட்டு ஒரு முகக்கவசமும் கொடுத்து அனுப்பினாராம்.

இப்படி இருநூற்று முப்பத்தொன்பது மாதம். ஒன்றுகூடத் தவறவில்லை. வரும் நவம்பர் ஒன்றாம் தேதி இருநூற்று நாற்பது, அதாவது முழுதாக இருபது வருடம். அக்கா தகவல் சொன்னதும் ஆன்றோ வட நாட்டிலிருந்து பேசினார். ஒரு மலை உச்சியில் ஒரே ஆள் ஒரே மானியில் விடாமல் இருபது வருடம் அளந்தது தனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் வேறு இல்லையென்றும், நடுவில் ஒரு மாதம் விட்டாலும் அது ஓட்டை விழுந்த வலைதான் என்றும் சொன்னார். அக்கா நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டாள். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. வட்டம் போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த வட்டத்துக்குத்தான் எலுமிச்சம்பழம் வினையாக வந்தது.

அக்டோபர் ஒன்றாம் தேதி அக்கா அளந்து முடித்து இறங்கத் தயாரானபோது உச்சியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சங்கிலி. அங்கே இருக்கும் முனியாண்டி கல்லுக்கு விளக்குப் போடுகிறவர். இன்னொருவர் பால் வண்டி ஓட்டும் பால்பாண்டி. வேண்டுதலுக்கு வந்தவர். இது என்ன கல் என்று பேச்சு வந்தது.

"கிரானைட்டு. எங்க மச்சான் மேலூர்ல கல்லு ஏத்துற லாரி ஓட்டுறாரு. அவரே சொல்லிட்டாரு" என்றார் பால்பாண்டி.

"லாரி ஓட்டுறவருக்குக் கல்லு தெரியுமா, ரோடு தெரியுமா?" என்றாள் அக்கா.

"அப்ப நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

"நான் டீச்சர் இல்லைங்க, கிளார்க்கு. இது சுண்ணாம்புக்கல்லு. காட்டவா?"

சங்கிலி பூசைக்கு அறுத்த எலுமிச்சம்பழத்தில் ஒரு பாதியைக் கொடுத்தார். அக்கா சாமி கல்லைத் தொடவில்லை. மழைமானிக்குப் பக்கத்தில், தள்ளி, வெறும் பாறையில் பிழிந்தாள். நுரைத்தது. பால்பாண்டி படம் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். உறுமி சேர்த்துப் போட்டுவிட்டார்.

பத்தே நாளில் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். கையில் எலுமிச்சம்பழம். கரட்டடிப்பட்டிப் பெட்டிக்கடையில் பழம் இருபது ரூபாய்க்குப் போனது. பிழிந்து பிழிந்து உச்சிப் பாறை ஊறுகாய்ப் பானை மாதிரி மணக்கிறது என்று சங்கிலி அக்காவுக்குப் போன் போட்டுத் திட்டினார். அப்புறம் தீபாவளியை ஒட்டி அடைமழை. ஒரு காலையில் தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு கல் உருண்டு வந்து காலி ஆட்டுப்பட்டியில் விழுந்தது. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் சேதமில்லை. ஆனால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. எலுமிச்சைக்கே நுரைக்கிற மலை இம்புட்டு மழைக்குக் கரையாதா?

ஊர் கூடிக் கருவேல முள்ளை வெட்டிப் பாதையை அடைத்துவிட்டார்கள். தை பிறக்கிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது.

அக்கா அன்று மாலையே போய் நின்றாள். ஊராட்சித் தலைவர் மாயக்காள் ரேஷன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலுக்கு மைக் தேவையில்லை.

"வாங்கம்மா. ஒங்களாலதான் எல்லாம்."

"ஆமாங்க, தப்பு எம்மேலதான். படம் எடுக்க விட்டிருக்கக் கூடாது."

அக்கா இப்படி உடனே ஒத்துக்கொள்வாள் என்று மாயக்காள் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "வேதக்காரம்மா வந்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சா முனியாண்டி பொங்காம என்ன செய்வாரு?"

சங்கிலி அந்தப் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இருவது வருசமா மாசாமாசம் ஏறி வருது அந்தத் தங்கச்சி. நீ எத்தன தடவ வந்த? முனியாண்டிக்கு அதத்தான் அடையாளம் தெரியும். ஒன்னயப் பாத்தா யார்றான்னுதான் கேப்பாரு."

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள். "மலை கரையுது, பொய்யில்ல. மழை பெஞ்சா கரையத்தான் செய்யும். எம்புட்டு கரையுதுன்னு மேல ஒரு அடையாளம் இருக்கு. மானியை நட்டப்ப ஆன்றோ தம்பி பாறையில ஒரு எவர்சில்வர் ஆணி அடிச்சாரு. தலை பாறையோட பாறையா, கையால தடவுனாத் தெரியாத மாதிரி. இப்பத் தடவுனாத் தெரியும். பாறை எறங்கியிருக்கு."

"எம்புட்டு?"

"நான் சொன்னா நம்புவீங்களா?"

மாயக்காள் யோசித்தார். "நம்ப மாட்டேன். கண்ணால பாக்கணும்."

"அப்ப வாங்க. ஒண்ணாந்தேதி காலையில."

கூட்டமே மாயக்காளைப் பார்த்தது. கல்யாணமாகி வந்த இருபத்தைந்து வருடத்தில் அவர் கரட்டில் கால் வைத்ததில்லை. "எனக்கு மாடிப்படி ஏறுனாலே கிறுகிறுக்கும்" என்று முனகினார். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தேர்தலுக்கும் அதிக நாள் இல்லை.

"சரி, வாரேன். ஆனா ஒண்ணு. நான் இல்லாம நீங்க உச்சிக்குப் போகக் கூடாது. பாதி வழியில நான் நின்னா நீங்களும் நிக்கணும்."

"நிக்கிறேன்" என்றாள் அக்கா.

இதை எனக்குச் சொன்னபோது தலையிலடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஏறாவிட்டால் இருபது வருடமும் போச்சே! "வாக்குக் கொடுத்துட்டேன். நீ சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றினாள். அந்த வாரம் முழுக்க மதுரை வானிலையைப் பார்த்தேன். முப்பதாம் தேதி வரை மழை. முப்பத்தொன்று மேகமூட்டம். ஒன்றாம் தேதி என்று வரைந்திருந்த சின்ன மேகத்தை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேனோ தெரியாது.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை. விடிந்ததும் வெயில். ஏழு மணிக்கு முள்ளை விலக்கி நாலு பேர் ஏறினார்கள். முன்னால் சங்கிலி, அவர் பின்னால் அக்கா, மாயக்காள், கடைசியில் பால்பாண்டி. கீழே விழுந்தால் தாங்கிக்கொள்ள என்று அவரைப் பின்னால் விட்டிருந்தார்கள். "என் மேல விழுந்தா நான் தாங்குவேனா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். "உறுமி போட்டவன்தான, தாங்கு" என்றார் மாயக்காள்.

பாதி வழி பேச்சிலேயே போனது. அக்கா கருப்புக் கண்ணாடி மாட்டியிருந்தாள். வெள்ளைப் பாறையில் காலை வெயில் கண்ணைக் குத்தும். "கூலிங்கிளாஸ் எல்லாம் போட்டு, ஷூட்டிங்கா?" என்று கேட்ட மாயக்காள் கால் மணி நேரத்தில் அதைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். நின்று நின்று ஏறினார். நிற்கும்போதெல்லாம் கேள்வி கேட்டார். இந்தக் குழி ஏன், இந்த வரி ஏன். கிழக்கே நாகமலை பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது. கண்மாய்கள் நிரம்பிப் பளபளத்தன. "நம்ம ஊரு இம்புட்டு அழகாவா இருக்கு?" என்றார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐம்பது.

உச்சிக்கு முப்பதடி கீழே ஏணிப்பாறை. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். முனியாண்டி எல்லை. கையும் காலும் வைத்துத்தான் ஏற முடியும். சங்கிலி பல்லி மாதிரி ஏறிவிட்டார். மாயக்காள் இரண்டு அடி ஏறி, ஒருதடவை கீழே பார்த்துவிட்டு, பாறையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னால முடியாது. சாமி சத்தியமா முடியாது. நீங்க போய்ட்டு வாங்க டீச்சர்."

"வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நான்தான் சொல்றேன்ல, போங்க!"

"இப்ப சரின்னுவீங்க. கீழ போனதும் அந்தக் கிளார்க்கம்மா சொன்னதத்தான் நானும் சொல்றேன்னா எப்படி? ஊரு நம்பணும்ல. நீங்க பாத்தாத்தான் ஆகும்."

எட்டு பத்து. எட்டு பதினைந்து. அக்காவின் கண் கடிகாரத்துக்கும் பாறைக்குமாகப் போய்வந்ததாகப் பால்பாண்டி பிறகு சொன்னார். ஆனாலும் அவள் தாண்டி ஏறவில்லை. மாயக்காளுக்குப் பக்கத்தில், அவர் காலுக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கண்ண மூடிக்குங்க."

"மூடுனா விழுந்துருவேன்."

"மூடுனாத்தான் விழ மாட்டீங்க. கண்ணுதான் பயப்படுது, கையி பயப்படல. வலது கையை மேல நீட்டுங்க. ஒரு குழி இருக்கும். சட்டி கழுவுற மாதிரி உள்ள விடுங்க. விட்டாச்சா? பிடிங்க. இப்ப இடது காலு."

"எங்க?"

"எங் கையி மேல. மிதிங்க."

"மிதிக்கவா?"

"வீட்டுக்காரரை மிதிக்கிற மாதிரி மிதிங்க."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மிதித்தார். கண்ணைத் திறக்காமல், குழி குழியாகத் தடவி, அக்கா சொன்ன இடத்தில் எல்லாம் கை வைத்து ஏறினார். கடைசி அடியில் சங்கிலி மேலிருந்து இழுத்தார், பால்பாண்டி கீழிருந்து தள்ளினார். உச்சியில் மல்லாந்து விழுந்து, "முனியாண்டி, நான் வந்துட்டேம்பா" என்று கத்தினார். எட்டு இருபத்தைந்து.

"ஆணி எங்க?"

அக்கா மானிக்குப் பக்கத்தில் காட்டினாள். மாயக்காள் குப்புறப் படுத்து, கட்டைவிரலால் தடவினார். விரல் தட்டியது. நகத்தின் விளிம்பை வைத்துப் பார்த்தார். நகத்தின் கனம்தான் இருந்தது.

"இம்புட்டுத்தானா?"

"இருவது வருசத்துக்கு இம்புட்டு."

"அப்ப இந்தக் கரடு முழுசாக் கரைய?"

அக்கா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "அம்பது லட்சம் வருசம். பஞ்சாயத்து எலெக்சன் பத்து லட்சம் தடவை நடக்கணும்."

"அம்புட்டுக்கும் நான்தான் நிப்பேன்" என்றார் மாயக்காள். பிறகு எழுந்து விளிம்புக்குப் போனவர், கிறுகிறுப்பெல்லாம் மறந்து, கீழே கூடியிருந்தவர்களைப் பார்த்து மைக் இல்லாத அந்தக் குரலில் கூவினார். "நகத்தளவுடா! நகத்தளவு! முள்ளை எடுங்கடா!" எலுமிச்சம்பழத்துடன் எவனாவது ஏறினால் அபராதம் என்பதையும் அந்தக் கையோடு சொல்லிவிட்டார்.

எட்டு இருபத்தெட்டு. அக்கா போனைச் சங்கிலியின் பூசைத் தட்டில் வைத்துவிட்டுப் புனலைக் கழற்றினாள். அடைமழை மாதம். கேன் வழிந்திருந்தால் மாயக்காளைச் சுமந்து ஏறியதும் வீண்தான். கேனை இரண்டு கையாலும் தூக்கினாள். கனத்தது. கழுத்துக்கு நாலு விரல் கீழே நல்லெண்ணெய் மஞ்சளாக ஆடியது. வழியவில்லை.

"யாரும் பேசக் கூடாது" என்றாள்.

ஒரு லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றினாள். ஒன்று. கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்து, பாறையில் கொட்டினாள். இரண்டு. தண்ணீர் வரி வழியாக இறங்கி ஓடியது. மூன்று. மாயக்காள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலு.

அதே நேரம் மெல்போர்னில் மதியம் இரண்டு மணி. முத்துச்செல்வியின் நாத்தனார் புதிதாக ஒன்று அனுப்பியிருந்தார். கரடு இடிந்துவிட்டதாம். மேலே போன நாலு பேர் இறங்கவில்லையாம். கரட்டு உச்சியில் யாரோ கத்துகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டதாம்.

ஏழாவது குவளை நிரம்பிக்கொண்டிருந்தபோது பூசைத் தட்டில் போன் அலறியது. திருநீற்றுக் கிண்ணம் கிணுகிணுத்தது. இருபது வருடத்தில் டவரும் உச்சிக்கு ஏறிவிட்டது. பால்பாண்டி எட்டிப் பார்த்தார். திரையில் என் பெயர். எடுக்கவா என்று கையால் கேட்டார். அக்கா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

நான் வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா எட்டாவது குவளைக்குக் கேனைச் சாய்த்தாள்.